கழற்றிய கையோடு

ஜூன் 4

இல்லை, வலிக்கவில்லை. இந்த லெகின்ஸ் இறுக்குகிறது, அவ்வளவுதான். கணுக்காலில் பிடி அதிகம். மேலே ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அப்படித்தான் பின்னியிருக்கிறார்கள். மாட்டிக்கொள்ளத்தான் பாடு. விரல் நுனியால் இழுக்கக் கூடாது, நகம் பட்டால் நூல் போய்விடும். கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவித் தடவி ஏற்ற வேண்டும்.

ஹாஸ்டல் கண்ணாடி இடுப்போடு நின்றுவிடும். கட்டில்மேல் ஏறிப் பார்த்தேன். தொடை வழவழவென்று இருந்தது. குழிகள் இல்லை.

குழிகள் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஆகவே முழுசாக எழுதுகிறேன். தொடையின் பின்னாலும் பக்கவாட்டிலும் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி விழும் பள்ளங்கள். செல்லுலைட். தோலுக்கு அடியிலிருந்து கொழுப்பு மேலே முட்டுகிறது. தோலைக் கீழே பிடித்திருக்கும் நார்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நார் உள்ள இடம் பள்ளம். நோய் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, ஒல்லியானவர்களுக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

இதைப் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆறு பேர் தேவை. ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். அதனால்தான் நான்.

ஜூன் 6

என் முதலாளி முத்தரசி அக்கா இத்தனை வருடம் பிறர் பெயருக்குப் பனியன் தைத்துக் கொடுத்தவர். திருப்பூரில் அப்படி நூறு பேர். இப்போது முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு சரக்கு: இறுக்கிப் பிடிக்கும் இந்த லெகின்ஸ். சென்னையில் பல கிளைகள் உள்ள கடைக்குச் சரக்கு எடுக்கும் காசிநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். டப்பாவில் "செல்லுலைட் குறையும்" என்ற வரி இருக்க வேண்டும். இருந்தால் எல்லாக் கிளையிலும் வைப்பார்.

அந்த வரியை எழுத வேண்டியவள் நான். எம்.ஏ. தத்துவம். டப்பா, அட்டை, வெப்சைட் எல்லாவற்றுக்கும் எழுதுவது என் வேலை.

"ஏனம்மிணி, நீ படிச்ச படிப்புக்கு ஒரு வரி எழுதறதுக்கு இத்தன நாளா?"

"உண்மையான்னு பாக்கணும்ல அக்கா."

"பாரு, நான் வேண்டாங்கல. பொய்யின்னா எனக்கும் வேண்டாம். மெய்யின்னா சீக்கிரம் மெய்யாக்கிக் குடு."

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினேன். கொஞ்சம்தான் இருக்கின்றன. ஆட்கள் குறைவு, முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அக்காவிடம் சொன்னேன். "அப்ப நாமளே பாத்துக்கலாம்" என்றார். வியப்பாக இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் பார்க்க வேண்டும் என்கிறார்.

முறை எளிது. முதல் நாள் வெறும் காலைப் படம் எடுத்தாயிற்று. இனி ஒவ்வொருவரும் பகல் முழுக்க அணிவார்கள். மாலையில் சாம்பிள் அறைக்கு வந்து கழற்றி, நான் சாக்பீசால் போட்ட கோட்டில் நிற்பார்கள். அதே கேமரா, அதே தூரம், அதே விளக்கு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஒன்றைச் சோதிக்கும்போது மற்ற எதையும் அசையவிடாதே என்பது பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பழக்கம்.

ஜூன் 9

மற்றவர்கள் திரைக்குப் பின்னால் போய்க் கழற்றித் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். படம் எடுக்கும் நொடிக்கு மட்டும் துண்டு விலகுகிறது. செலின் வந்தாள். திரையைப் பார்க்கக்கூட இல்லை. பள்ளியில் மதியம் போட்ட சாம்பாரைத் திட்டிக்கொண்டே கழற்றி நாற்காலியில் வீசினாள்.

செலின் திண்டுக்கல்காரி. இங்கே ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். கபடி ஆடுகிறாள், இன்னும்.

"என்ன புள்ள, எழுத்தாளி. இப்படியா, அப்படியா?"

"பின்பக்கம் திரும்புங்க."

"நீ என் தொடையப் படம் புடிக்கிற. உன் தொடைய யாரு புடிக்கிறா?"

"டைமர் இருக்கு."

"அடப்பாவி. தனியாவா நிப்ப? கோயில் சிலை மாதிரி?"

அவள் தொடையிலும் குழிகள். என்னுடையதைவிடப் பெரிதாக. ஆனால் அந்தத் தொடை வேறு விதமாக நின்றது. அடிமரம் என்று எழுதிவிட்டு அடித்தேன். உவமை வேண்டாம். தொடை. நின்றது.

ஜூன் 15

வெயில். சுடிதாருக்குள் லெகின்ஸ். வேர்க்கிறது. கழற்ற மனமில்லை.

ஜூன் 23

செலின் ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். ஊத்துக்குளிப் பக்கம், பள்ளி மைதானம், ஏதோ கோப்பை. வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்றாள். போனேன்.

அரைக்கால் ஷார்ட்ஸ் போட்ட பெண்கள். ஓரத்தில் ஆண்கள், சிறுவர்கள், நிலக்கடலை வண்டி. எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்பது அவர்களில் யாருக்கும் பொருட்டாக இல்லை.

செலின் ரைடுக்குப் போகும்முன் தொடையைத் தட்டினாள். கபடியில் அது வழக்கம், வா பார்க்கலாம் என்பதுபோல. அந்தச் சத்தம் மைதானத்துக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. தட்டிய இடத்தில் சதை அலைபோல ஆடி அடங்கியது. குழிகள் தோன்றின, நிரம்பின, திரும்பத் தோன்றின. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு மூன்று பேர் அந்தக் காலைப் பிடித்தார்கள். ஒருத்தி கணுக்காலை, ஒருத்தி முழங்காலை, ஒருத்தி தொடையையே கட்டிக்கொண்டாள். செலின் விழுந்தாள். விழுந்தபடியே அந்த மூவரையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து, நடுக்கோட்டில் விரலை வைத்தாள்.

நான் கத்தினேன். கடைசியாக எப்போது கத்தினேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்: "சாயங்காலம் எங்க பள்ளிக்கூடக் கிரவுண்டுக்கு வாயேன். பொம்பளப் பிள்ளைக தான். சும்மா ஓடிப் புடிச்சு வெளயாடலாம்."

"ஷார்ட்ஸ் இல்ல எங்கிட்ட."

"திருப்பூர்ல இருந்துக்கிட்டு ஷார்ட்ஸ் இல்லங்கிற."

சிரித்தேன். கல்லூரி முதலாண்டில் நீளம் தாண்டுவேன். பிறகு நிறுத்திவிட்டேன். படிப்பு அதிகம். இதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 3

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் நாள் படம், நேற்றைய படம். ஆறு பேருக்கும் வித்தியாசம் தெரிகிறது. பள்ளங்கள் மேடாகி, தோல் இழுத்துக் கட்டியது மாதிரி. என்னுடையதை இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறையும்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அடி ஆத்தி! இது உம்பட காலா?"

"ஆமா அக்கா."

"நெசமாவே வேல செய்யுதா!"

அந்தக் குரலில் வியாபாரம் மட்டும் இல்லை. வேறு ஏதோ இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

வரியை எழுதினேன். "தொடர்ந்து அணிந்தால் செல்லுலைட் குறையும்." நான்கு சொற்கள். நன்றாக இருந்தது. ஓர் ஆசை உண்மையாகும்போது இப்படித்தான் எளிமையாக இருக்கும் போலிருக்கிறது.

ஜூலை 8

செலின் படம் இன்று வீண். பள்ளியில் போட்டிப் பயிற்சி இருந்ததால் மதியமே லெகின்ஸைக் கழற்றிவிட்டாளாம். மாலை டிராக் பேண்டோடு வந்தாள். எடுத்தேன். முதல் நாள் படத்துக்கும் இதற்கும் ஒரு மாற்றமும் இல்லை. விதிப்படி அணியவில்லை, எனவே சேர்க்கக் கூடாது. தனியாக எடுத்து வைத்தேன்.

அவள் கேட்டாள்: "ஏன், நல்லா விழலையா?"

"நல்லாத்தான் விழுந்திருக்கு."

ஜூலை 12

காசிநாதன் சென்னையிலிருந்து வந்தார். அக்கா கட்டிங் தளத்தைச் சுற்றிக் காட்டினார். நானும் பின்னால் போனேன். மேசையில் அன்று பிரித்த லைக்ரா துணி மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அவர் பெரிய மனிதர் தோரணையில் டேப்பை எடுத்தார்.

"தொடாதீங்க சார்! இப்பத்தானுங்க ரோல்ல இருந்து பிரிச்சிருக்குது."

"அளந்தா என்ன மேடம்? கடிச்சிடுமா?"

"இழுத்துப் புடிச்சுச் சுத்துன துணிங்க. பிரிச்ச கையோட அளந்தா ஒரு அளவு காட்டும். நாளைக்கு அதே துணி வேற அளவு காட்டும். ஒரு நாள் ஆறப்போடோணும். அது சுருங்கற மட்டும் சுருங்கி, தன் நெலைக்கு வந்தப்பறந்தான் நாங்க டேப்பையே தொடுவோம்."

"இவ்வளவு இருக்கா இதுல!"

அக்கா பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாம்பிள் அறைக்குப் போய்ச் சாக்பீஸ் கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

இந்தக் கட்டடத்தில் இது தெரியாதவர் இல்லை. அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வாசலில் டீ கொடுப்பவருக்கும் தெரியும். விளக்கை அசையவிடவில்லை, தூரத்தை அசையவிடவில்லை. பகலெல்லாம் இறுக்கி வைத்த தோலை, லெகின்ஸைக் கழற்றிய கையோடு படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும்.

ஜூலை 14, ஞாயிறு

ராத்திரியும் போட்டுக்கொண்டே தூங்கிய லெகின்ஸைக் காலையில் கழற்றினேன். கட்டில்மேல் ஏறிப் பார்த்தேன். வழவழப்பு. இறங்கி, கதவைத் தாழிட்டு, துண்டோடு உட்கார்ந்து படித்தேன். பக்கங்கள் போயின. என்ன படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தொடையைப் பார்க்கக் கூடாது என்பதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது மறுபடி ஏறினேன்.

இருந்தன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். போனில் ஒரு படம் எடுத்தேன்.

கட்டுரைகளில் படித்ததுதான். அழுத்தம் இருக்கும்வரை தோல் சமமாகத் தெரியும், திசுவில் தேங்கிய நீர் கொஞ்சம் விலகும். கொழுப்பும் நாரும் அங்கேயே இருக்கின்றன. அழுத்தம் போனால் நீர் திரும்பிவிடும். எவ்வளவு நியாயமான விளக்கம்.

தலைவலி. சாப்பிடப் போகவில்லை.

ஜூலை 15

அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்கு வேலை அதிகம்.

ஜூலை 16

இன்றும் சொல்லவில்லை. எனக்கு வேலை அதிகம்.

ஜூலை 17

அக்கா டப்பாவை அச்சுக்கு அனுப்பச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

ஒரே மூச்சில் சொன்னேன். தோல், துணி, ஆறப்போடாதது, செலினின் தனியாக வைத்த படம். கடைசியில் என் படத்தையும் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை எடுத்ததை. அதைக் காட்டுவதாக இருக்கவில்லை. கை காட்டிவிட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"துணிக்கு ஒரு நாள் குடுக்கறோம்."

"ஆமா அக்கா."

"தோலுக்குக் குடுக்கல."

"என் தப்புதான் அக்கா."

"உன்னது மட்டுமா? நானும்தானே நித்தம் பாத்துட்டு நின்னேன். படத்தப் பாத்து வாயப் பொளந்தேனே." படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "காசிநாதன் போயிருவான் அம்மிணி. இந்த வரி இல்லாட்டி அவனுக்கு இது வெறும் கறுப்புத் துணி."

வேண்டாம் விடு, எல்லோரும்தானே போடுகிறார்கள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் நானும் சரி என்றிருப்பேனோ? இதை யோசிக்க விருப்பமில்லை.

"எல்லாத்தையும் மறுக்கா வரச் சொல்லு. இந்தத் தடவ ஆறப்போட்டு எடுக்கலாம். ஆறு பேரும். அப்பறம் முடிவு பண்ணுவோம்."

ஜூலை 20

இதை ஒன்றுவிடாமல் எழுதிவைக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள். செக்கிங்கில் நாள் முழுக்க நிற்கும் ரஷீதா, பேக்கிங்கில் இருக்கும் இரண்டு பேர், பக்கத்து மெடிக்கல் ஷாப் பெண், செலின். எல்லோரும் கழற்றித் துண்டைச் சுற்றிக்கொண்டு சாம்பிள் அறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா கதவைச் சாத்தி, டீயும் போண்டாவும் வரவழைத்தார். நானும் கழற்றித் துண்டோடுதான். கால்கள் தம் நிலைக்கு வருவதற்காக ஓர் அறை நிறையப் பெண்கள் காத்திருந்தோம்.

"எம்புருசன் போன் பண்ணுனா என்னன்னு சொல்றது?" ரஷீதா கேட்டாள்.

"காலு காயுதுன்னு சொல்லு" என்றாள் செலின்.

"கூட ஒரு போண்டா தின்னா ரிசல்ட் மாறுமா மேடம்?" பேக்கிங் பெண் ஒருத்தி அக்காவிடம் கேட்டாள்.

"தாரிணியக் கேளு. அவதான் விஞ்ஞானி" என்று அக்கா என்னைக் காட்டினார்.

"மாறாது," என்றேன். "நானும் திங்கறேன்."

அப்போது அக்கா எழுந்து திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது சேலை கொஞ்சம் தளர்ந்திருந்தது. கையில் ஒரு லெகின்ஸ். எங்கள் லெகின்ஸ். எல்லோரும் அதையே பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? நானும்தான் போட்டுட்டிருக்கறேன், மொத நாளா. ரெண்டு புள்ள பெத்த காலு. யாருக்குத்தான் ஆசையில்ல?" எங்கள் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "டீய இங்கிட்டுத் தள்ளு."

அன்று என் தோளுக்குப் பின்னால் கேட்ட குரல் என்னவென்று இப்போது புரிந்தது. அவ்வளவு ஆசைப்பட்டவர்தான் மறுபடி எடு என்றார். இந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு நாளாக நான் எழுதியது போதாது.

ஒவ்வொருவராகக் கோட்டில் நின்றார்கள். எடுத்தேன். எல்லாம் முதல் நாள் படம்தான். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. மெடிக்கல் ஷாப் பெண் மட்டும் "அப்ப கிரீமும் இப்படித்தானா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

கேமராவை மூடினேன்.

"ஏய், ஆறாவது ஆளு எங்க?" செலின்.

"நான் ரூம்ல எடுத்துட்டேன்."

"அது கணக்குல வராது. வெளிச்சம் வேற, தூரம் வேற. நீதானே சொல்லுவ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கபடி மைதானத்து ஓரத்தில் நின்றவர்கள் பார்த்த மாதிரி இல்லை. ரஷீதா போண்டாவை மென்றுகொண்டே பார்த்தாள். அக்கா டீயை ஊதிக்கொண்டே. நான் கோட்டில் நின்றேன். செலின் கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"துண்ட எடு."

எடுத்தேன்.

"திரும்பு. ஏன்டி மூச்சப் புடிக்கிற? இது என்ன வயிறா?"

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். மூச்சு வெளியே வந்துவிட்டது.

"நல்ல தாண்டற காலு மாதிரில்ல இருக்கு" என்றாள் செலின், லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே. நீளம் தாண்டியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

ஜூலை 22

அக்காவும் நானும் டப்பாவுக்கு முன்னால்.

அந்தப் பெண்களிடம் வேறொன்றும் கேட்டிருந்தேன், குழிகளைத் தவிர. நாள் முழுக்க நின்றாலும் மாலையில் கால் கனம் குறைவு என்றாள் ரஷீதா. மற்றவர்களும் ஏறக்குறைய அதேதான். செலின்: "குழி போகணும்னு நான் எப்ப கேட்டேன்? மேட்ச் ஆடுன மறுநா மாடி ஏறணும். ஏற முடியுது."

எழுதியது: "அணிந்திருக்கும்வரை கால் வழவழப்பாகத் தெரியும். கழற்றிய சிறிது நேரத்தில் பழையபடி ஆகும். செல்லுலைட்டை இது குறைக்காது. நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கால் கனம் குறைவதாக, அணிந்து பார்த்த ஆறு பேர் சொல்கிறார்கள்."

அக்கா வாசித்தார். "ஏழு பேர்."

மாற்றினேன்.

ஜூலை 24

அக்கா காசிநாதனோடு போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் கேட்க வேண்டும் என்று.

"மேடம், குறைக்காதுன்னு டப்பாலயே போடறீங்களா? எந்தக் கம்பெனியாச்சும் போடுமா?"

"போடாதுங்க."

"எல்லாரும் குறையும்னுதான் போடறாங்க. நீங்க மட்டும் என்ன?"

"எல்லாரும் துணிய ஆறப்போடாமக் கூடத்தான் வெட்டறாங்க சார். நாங்க வெட்டறதில்லீங்க."

கடைசியில் காசிநாதன், விளையாட்டுச் சாமான் பகுதியில், ஒரே ஒரு கிளையில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். மற்றது பிறகு பார்க்கலாம்.

அக்கா போனை வைத்தார். மேசையில் விரலால் தாளம் போட்டார். வேதனைப்படுகிறார் என்று தெரிந்தது. மறைக்கவும் இல்லை.

"ஒரு கிளை. ஆவட்டும். அச்சுக்கு அனுப்பு அம்மிணி."

அனுப்பினேன். இவர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றாள்.

ஆகஸ்ட் 2

செலின் மறுபடி பள்ளிக்கூடக் கிரவுண்டுக்குக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று வாய் வரை வந்தது. போனேன்.

ஷார்ட்ஸ் அவள் கொடுத்தது. மாற்றும் அறை இல்லை. நான்கு பெண்கள் துப்பட்டாவை விரித்துப் பிடித்தார்கள், ஒருத்தி மேகம் போவதைப் பார்த்துக்கொண்டு. வெளியே வந்தேன். மாலை வெயில் நேராகக் கால்மேல் விழுந்தது. இரண்டு ரைடு. இரண்டிலும் பிடிபட்டேன். இரண்டாம் முறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் தொடையைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மண்ணில் விழுந்து கிடந்தேன். முழங்கால் சிராய்த்தது.

"தொடையத் தட்டாமப் போனா அப்படித்தான்" என்றாள் செலின்.

கிளம்பும்போது அவள் ஷார்ட்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் காதர்பேட்டையில் இறங்கினேன். ஏற்றுமதியில் மிஞ்சிய உருப்படி விற்கும் கடையில், முழங்காலுக்கு மேலே நிற்கும் ஷார்ட்ஸ் இரண்டு வாங்கினேன். ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.